நிரந்தர வேலை

ஜெர்மனியில் டோர்ட்மண்ட் போகும் ரயிலில் எதிரே இருந்த பெண் தாயுடன் தொலைபேசியில் தமிழில் பேசி முடித்தாள். வெயிலில் மூக்குத்தோல் உரிந்திருந்தது. ரயில் குலுங்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்த மஞ்சள் பெட்டியை அணைத்துப் பிடித்தாள்.

“பெட்டிக்கு உள்ளுக்கை என்ன, பிள்ளை?” என்று கேட்டேன்.

“லேசர் மெசின், அண்ணை. மலையிலை இருக்கிற பனிப்பாறையை வருசாவருசம் இதாலை அளக்கிறன்.”

“வளருதோ?”

“கரையுது. கொஞ்ச வருசத்திலை ஒண்டும் மிஞ்சாது.”

பிறகு ஒரு கடிதத்தைக் காட்டினாள். அந்தப் பனியை அளக்கும் வேலை ஓய்வு பெறும்வரை அவளுக்கு நிரந்தரமாம்.

“பனி முடிஞ்சால் என்னத்தை அளப்பியள்?”

“நானும் கேட்டனான். இல்லையெண்டதையும் ஆராவது அளந்து எழுதோணுமாம்.”

என் பேனாவை வாங்கிக் கடிதத்தில் கையெழுத்திட்டாள். வாழ்த்தினேன். நன்றி சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொன்னதில் என்ன பிழையென்று இன்னமும் யோசிக்கிறேன்.