தோரண வளைவுக்குத் தனி டிரிப்பர்

முகூர்த்தத்தன்று காலை டிரிப்பர் விழுந்து மண்டபம் இருண்டது. திருமங்கலம் சாலையில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில் நான் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிது. கரண்ட் எங்காவது கசிந்தால் தானே அணைந்து ஆளைக் காப்பாற்றும் ஆர்.சி.சி.பி.யைத்தான் அங்கே எல்லோரும் டிரிப்பர் என்பார்கள். மேலே தூக்கினால் மறுபடி விழுந்தது.

மேனேஜர் பேனல் ரூமுக்கு ஓடி வந்தார்.

"டைரக்ட் குடுத்து விட்ரும்மா. தாலி கட்டுறப்ப லைட்டு போச்சுன்னா அபசகுனம்னு நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்ய."

டைரக்ட் என்றால் டிரிப்பரை விட்டுவிட்டு நேராக இணைப்பது. முகூர்த்த நாட்களில் அங்கே அதுதான் வழக்கம்.

"விதிப்படி கூடாது சார்."

"விதி நம்ம பில்டிங்குக்கு. வாசல் சீரியல் செட்டு பாயோட சாமான். அதுக்கும் நமக்கும் என்ன?"

செல்லூரிலிருந்து அலங்கார விளக்கு கொண்டு வந்திருந்த காசிம் பாய் சிரித்தார். "ஊரு பூரா டைரக்ட்லதான் ஓடுது தங்கச்சி. நீங்க ஒராளுதான் டிரிப்பருக்கு மாலை போடுறீங்க."

போனில் மின் பாதுகாப்பு விதியைத் திறந்தேன். கட்டடத்தின் மின்னமைப்பு என்று இருந்ததே தவிர, பந்தல், தோரண வளைவு என்று எதுவும் இல்லை. மேனேஜர் சொல்வதுதான் சரியோ? நான்தான் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனோ?

ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. இரும்பு பைப்பில் வளைவு, இரண்டு பக்கமும் வாழை மரம், தூசி அடங்கத் தெளித்த தண்ணீர். பட்டுப் பாவாடை கட்டிய ஒரு குழந்தை பைப்பைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் என் மகளும் அப்போதுதான் கிடைத்ததைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தாள்.

"நம்ம பேனல்ல இருந்து கரண்ட் எடுத்தா அதுவும் நம்ம பில்டிங்தான் சார்," என்றேன். "கசிவு வளைவுலதான்னு தோணுது. அத மட்டும் சும்மா கெடக்குற இன்னொரு டிரிப்பருக்கு மாத்துறேன். விழுந்தா வளைவு மட்டுந்தான் அணையும்."

"மண்டபம் அணைஞ்சுச்சுன்னா, நாளையிலருந்து நீ வர வேணாம்."

பாய் முணுமுணுத்தபடி டார்ச் பிடித்தார். வளைவின் ஃபேஸ், நியூட்ரல் வயர் இரண்டையும் பிரித்துப் புது டிரிப்பரில் மாட்டினேன். நியூட்ரலை மறந்தால் இரண்டு டிரிப்பருமே விழும் என்பதால் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். பிறகு இரண்டு டிரிப்பரையும் தூக்கினேன். மண்டபத்தில் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. வளைவின் டிரிப்பர் மட்டும் பட்டென்று விழுந்தது.

"இருக்கட்டும். யாரும் தூக்காதீங்க," என்றேன். வயரைப் பார்க்க பாய் வாசலுக்குப் போனார்.

கெட்டிமேளம் கேட்டபோது நான் பேனல் முன்னால்தான் நின்றேன். டிரிப்பரைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். மேளம் ஓய்ந்தது. தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்துகொண்டே இருந்தது.

பாய் ஒரு வயர்த் துண்டோடு வந்தார். இப்போது சிரிப்பில்லை. "கட்டுக்கம்பிய இறுக்கிட்டாங்ய. வயர் தோல் கிழிஞ்சு உள்கம்பி பைப்புல ஒட்டிக்கிருச்சு. டைரக்ட் குடுத்திருந்தா…" ஜன்னல் வழியாக வளைவைப் பார்த்தார்.

மேனேஜர் அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "சாப்பிட்டியாம்மா? பந்திக்குப் போ," என்றார். அடுத்த முகூர்த்தத்தில், நான் பேனல் ரூமுக்குள் நுழையும் முன்பே அவர் குரல் கேட்டது: "பாய், வளைவுக்குத் தனி டிரிப்பர் போட்டாச்சா?"

இப்போது ஊருக்குள் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் வேலை. எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் தெரியும், ஏ.சி. குளிர் வேறு. ஆனால் சாம்பார் வாசமும் நாதஸ்வரமும் கதவிடுக்கில் நுழையும் அந்தப் புழுக்கமான ரூமுக்கு மனசு அடிக்கடி போய்விடுகிறது. புதிதாக வரும் பிள்ளைகள், "இது விதியில இல்லையே அக்கா, என்ன பண்ண?" என்று கேட்கிறார்கள். திரையை விட்டு எழுந்து அவர்களோடு அந்த இடத்துக்குப் போவேன். அங்கே யார் கை படும் என்று முதலில் பார்ப்போம்.