வாலில் ஏறிய கனம்

நல்லகாமன் அண்ணன் கையில் வேல்கம்பைக் கொடுத்தால் முதலில் கூர் பார்க்க மாட்டார். ஒற்றை விரலில் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைத் தேடுவார். அந்த இடம் கம்பின் நடுவைவிட முனைப் பக்கம் ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும். கம்பும் உள்ளே கூடு இல்லாத கல்மூங்கிலாக இருக்க வேண்டும். நாகமலை அடிவாரத்தில் எங்கள் ஊர் மாசித் திருவிழாவில் நடக்கும் பாரிவேட்டையில் முதல் வேல் எறியும் உரிமை அவருக்குத்தான்.

எழுபத்தெட்டாம் வருசம் அவர் மைத்துனன் சங்கிலி, அக்கா வீட்டுக்குச் சீராக ஒரு வேல் கொண்டுவந்தான். தேக்குக் கம்பு, அடியில் எலுமிச்சம்பழம் அளவு பித்தளைக் குமிழ். அண்ணன் விரலில் வைத்தார். குமிழ் இருந்த வால் பக்கம் சாய்ந்தது.

“வால்ல இம்புட்டுக் கனம் இருந்தா எறியையில தலை நேராப் போகாதுடா. தோலோட நின்னுரும்,” என்றார் என்னிடம் மெதுவாக.

மாயக்காள் மதினி விடவில்லை. “என் தம்பி ஆசையாக் கொண்டாந்தது. வேற கம்பைத் தூக்குனா அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

பிறந்த வீட்டுச் சீரை ஒதுக்கினால் எங்கள் பக்கம் உறவே அறுந்துபோகும். அண்ணன் அதையே தூக்கினார்.

வேட்டையன்று கருவேலம் புதருக்குள் காட்டுப்பன்றி ஒன்று பதுங்கியது. நாய்கள் வளைத்துக்கொண்டன. தன் வேல் பாய்வதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்று சங்கிலி புதரை ஒட்டி நின்றான், கிறுக்கன்.

“மாப்ள, தள்ளிப் போடா!”

“நீங்க எறிங்க மச்சான்!”

பன்றி வெளியே வந்தது. பத்தடி தூரம். அண்ணன் எறிந்தார். குறி தப்பவில்லை, முன்னங்கால் சப்பையில்தான் பட்டது. ஆனால் வால் தாழ்ந்து சாய்வாகப் போன வேல், இரண்டு விரல் ஆழம்கூட இறங்காமல் துள்ளி விழுந்தது. காயம்பட்ட பன்றி சங்கிலி மேல் பாய்ந்தது. அண்ணன் அரிவாளால் அதை வெட்டிச் சாய்ப்பதற்குள் அவன் தொடை கிழிந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் உயிர் ஊசலாடியது. நாலாம் நாள் கண் விழித்தான். இனி அந்தக் கால் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“குறி தப்பிருச்சா மச்சான்?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “ஆமாடா மாப்ள. என் கை தப்பிருச்சு.”

“கை நடுங்குற ஆளுக்கு முதல் வேல் எதுக்கு? என் தம்பி காலு போச்சே!” என்று மதினி வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

அடுத்த மாசியில் ஊர் முதல் வேல் உரிமையைப் பேயாண்டி என்ற வேறொருவனுக்குக் கொடுத்தது. நல்லகாமன் அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால், நாய்களைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.