ஜித்தாக் கணக்கில் ஒரு நாள்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், ஆமினா உம்மாவைப் பராமரிக்க என்னை அழைத்தார்கள். கல்முனைக்குடியில் சுனாமிக்குப் பிறகு கட்டிய மாடி வீடுகளில் மூன்றாம் மாடி. உம்மாவுக்கு வலப்பக்கம் விளங்காது. கீழ் மாடியில் அவருடைய மூத்த மகன் முகம்மது தம்பி இருந்தார். படியிறங்குபவர்கள் அவர் வாசலைக் கடந்துதான் போக வேண்டும்.

உம்மாவோடு இருந்தது இளைய மருமகள் ஸம்ஸியா. அவளுடைய முதல் வீட்டைக் கடல் கொண்டுபோனது. புருஷன் ஷரிபுதீன் அவளை ஜித்தாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஐந்து வருடம் ஓர் அறைக்குள் இருந்தாள். அந்த அறையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமலே அதில் கெட்டிக்காரியானாள். ஊர் திரும்பியபோது அதையும் பெட்டி கட்டிக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் மாதம் ஷரிபுதீன் மாரடைப்பில் மவுத்தானார். ஸம்ஸியா இத்தா இருந்தாள். பிறைக் கணக்கில் நாலு மாதமும் பத்து நாளும் படியைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது.

பிள்ளை இல்லை, வருமானமும் இல்லை. பஸாரில் புதிதாகத் திறக்கும் பயிற்சி நிலையமொன்று கொம்பியூட்டர் படிப்பிக்க ஒரு பெண்ணைத் தேடியது. நேர்முகத் தெரிவுக்குத் திங்கள் வர முடியுமா என்று தொலைபேசியில் கேட்டார்கள். பள்ளிவாசலில் பதிந்த மவுத்துப் பிறையிலிருந்து எண்ணினால், கொம்பியூட்டரின் பிறைக் கலண்டரில் இத்தா ஞாயிறு அந்தி மஃரிப் தொழுகையோடு முடிந்தது. திங்கள் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னாள். முகம்மது தம்பியும் மறுக்கவில்லை. "மக்காவுக்குப் பக்கத்துல இருந்து வந்த சாமான், பிழை சொல்லுமா?" என்றார்.

எனக்குத்தான் அந்தச் சாமானால் தொல்லை. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் கழித்து, அதுவும் பாங்கு சொல்லும். உம்மா கண் விழித்து என்னிடம், "சரீபா, வக்து வந்துட்டு, வுளு செய்ய வை" என்பார். தொழுதாயிற்று என்றால் நம்பமாட்டார். மறுபடி புரட்டி, முகம் கை கால் கழுவி, துடைத்து, தலையணை முட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு நாளில் பத்துத் தரம்.

"இது இன்னும் ஜித்தாவுலதான் இருக்கு, சாச்சி. எனக்கு அதை மாத்தத் தெரியா. அவர் போட்டது" என்றாள் ஸம்ஸியா.

"தெரிஞ்சவனக் கூப்பிடு."

"ஆம்பிளை எப்படி உள்ளுக்கு வாற?"

"வெளிய நிண்டு சொல்லட்டும். உனக்குக் கை இருக்குதானே."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, கொம்பியூட்டர் திருத்தும் ஜெஸீமை நானே வரவழைத்தேன். அவன் படிக்கட்டில் நின்றான். வாசலில் சேலையைக் கட்டித் திரையாக்கினேன். அவன் வெளியிலிருந்து கத்த, இவள் உள்ளே கொம்பியூட்டர் எலியை நகர்த்தினாள்.

"ராத்தா, முதல்ல மணித்தியாலத்த நம்மட நாட்டுக்கு மாத்துங்க. பிறகு பாங்கு புரோகிராமுல ஊர்."

"கல்முனை இல்லையே."

"எங்க இருக்கும், அவனுகளுக்குக் கல்முனையத் தெரியுமா? மட்டக்களப்பப் போடுங்க." அவன் சிரித்தான். "ஆ, இன்னொண்டு. அது சவூதிப் பிறை. நமக்கு ஒரு நாள் பிந்தி. அதுல ஒண்டு குறைச்சு விடுங்க."

உள்ளே எலிச் சத்தம் நின்றது. கீழே ஒரு கதவு திறந்தது.

"ஜெஸீம், என்ன சொன்னா? ஒரு நாள் பிந்தியா?" முகம்மது தம்பியின் குரல்.

"ஓம் காக்கா. ஒரு நாள்."

"அப்ப இத்தா திங்கள் மஃரிபோடதான் முடியுது" என்றார் அவர். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

நான் திரைக்குள் போனேன். ஸம்ஸியா எலியின் மேல் கை வைத்தபடி இருந்தாள். பயிற்சி நிலையத்துக்கு அழைத்து, செவ்வாய் வரலாமா என்று கேட்டாள். தெரிவு செய்பவர் கொழும்பிலிருந்து திங்கள் ஒரு நாள் மட்டும் வருகிறாராம்.

"திருப்பி ஜித்தாவுக்கு மாத்தினா, சாச்சி?"

"ஜெஸீம் கத்தினது மாடி முழுக்கக் கேட்டிருக்கு."

"தேவைக்குப் பகல்ல போகலாம் எண்டு மார்க்கக் கிதாபுல இருக்காம்."

"இருக்கு. அதக் கீழ் வாசல்ல நிண்டு வாசிச்சுக் காட்டுவியா?"

உம்மா தண்ணீர் கேட்டார், போய்விட்டேன்.

திங்கள் காலை அவள் குளித்து அபாயா உடுத்தி, சான்றிதழ் உறையை மடியில் வைத்துக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒன்பது மணி போனது. பத்தரைக்கு எழுந்து சோறு வடித்தாள். அபாயாவைக் கழற்றவில்லை.

மஃரிபுக்குப் பள்ளியும் கொம்பியூட்டரும் ஒரே நேரத்தில் பாங்கு சொல்லின. தொழுதுவிட்டுப் படியிறங்கினாள். முகம்மது தம்பி வாசலில்தான் நின்றார், ஒதுங்கி வழிவிட்டார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தாள்.

"பூட்டியிருக்கு. கதவுல பேர் ஒட்டியிருக்காங்க. வேற புள்ள" என்று சொல்லி உறையை அலுமாரியில் வைத்தாள்.

அந்த மஃரிபுக்கு உம்மா ஒரு தரம்தான் வுளுவுக்குக் கூப்பிட்டார்.