பூட்டிய வீட்டில் கேட்ட மூச்சு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி வெள்ளி மத்தியானம். இடம் கொக்குவில். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வளவில் பூட்டிக் கிடக்கும் என் அண்ணனின் வீடு.

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே வருத்தம், நாள்பட்ட சுவாச நோய். இளவயதில் இரண்டு பேரும் போட்டி போட்டுப் புகைத்ததற்குக் கிடைத்த பரிசு. அவர் அந்த வீட்டின் பின்னறையில்தான் மூச்சு முட்டி இறந்தார். பிள்ளைகள் கனடாவில். வெள்ளிக்கிழமைகளில் சாமியறையில் விளக்கு வைக்கச் சொல்லி, அண்ணனின் மகள் வீட்டுத் திறப்புக் கொத்தை என்னிடம் தந்திருந்தாள்.

கிளினிக்கில் தாதி மிஸ்ஸி எங்கள் இருவருக்கும் ஒரு பயிற்சி பழக்கியிருந்தார். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, மெதுவாக நீளமாக ஊத வேண்டும். அண்ணன் ஒரு நாளும் தவறவிடமாட்டார். நான் பக்கத்தில் இருந்து பகிடி பண்ணுவேன்.

"என்ன அண்ணை, அடுப்பே ஊதுறியள்?"

"சிரி, சிரி. நீயும் ஒருநாள் ஊதுவாய்" என்பார்.

அவர் போன பிறகு நான் அந்தப் பயிற்சியை அடியோடு விட்டுவிட்டேன். ஊதினால் அண்ணனின் ஞாபகம் வரும். அதைவிட, அடுத்தது நான்தான் என்று நானே ஒப்புக்கொண்டது போல இருக்கும்.

அண்ணனின் முதலாண்டு ஆட்டைத் திவசம் முடிந்த கையோடுதான் அந்த வீட்டில் சத்தம் கேட்கத் தொடங்கியது. கூடத்தில் நடந்தால் எனக்குப் பின்னால் யாரோ மூச்சு இழுப்பார்கள். மெல்லிய விசில் போன்ற இழுப்பு. நான் நின்றால் அதுவும் நிற்கும், ஆனால் ஒரு கணம் பிந்தித்தான் நிற்கும். பட்டப்பகலில் எனக்கு மயிர்க்கூச்செறியும். மனைவியிடம் சொல்லவில்லை. விளக்கைக் கொளுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்துவிடுவேன். என்னைப் போன்றவனுக்கு அந்த ஓட்டமே ஆகாது.

அன்று புறப்படும்போது, மூச்சு முட்டினால் வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்பை மனைவி நீட்டினாள்: "பம்பைக் கொண்டு போங்கோ."

"வாயிலை வைக்கிற எச்சில் சாமான். அதைச் சாமியறைக்குள்ளை கொண்டு போறதே?" என்றேன்.

எச்சில் என்பது பாதிதான் உண்மை. வேட்டி மடியில் பம்போடு போவதை அயலவர் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கம் மீதி.

மாதக்கணக்காக யன்னல் திறக்காத அறை. கற்பூரம் கொளுத்தியதும் புகை நேரே முகத்துக்கு வந்தது. இருமல் தொடங்கியது, நிற்கவில்லை. கூடத்துக்கு வந்தேன். வாசற்கதவு எட்டடி தூரம், ஆனால் கால் எழும்பவில்லை. சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன். நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினாற்போல் இருந்தது. கூப்பிடலாம் என்றால் கூப்பிடவும் மூச்சு வேண்டுமே. அண்ணன் போன வீட்டிலேயே நானும் போகப் போகிறேன் என்று நினைத்தேன். நினைக்க நினைக்க மூச்சு இன்னும் குறுகியது.

அப்போதுதான் பின்னறையிலிருந்து அது கேட்டது. இந்த முறை விசில் இல்லை. மெதுவாக, நீளமாக, யாரோ ஊதும் சத்தம். என் மூச்சோ நாய்க்கு இளைப்பது போல வெட்டி வெட்டி வந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. ஓடும் நிலையில் நான் இல்லை. வேறு வழி தெரியாமல் உதட்டைக் குவித்தேன். அது ஊதும்போது நானும் ஊதினேன். அது நிறுத்தும்போது மூக்கால் இழுத்தேன். எத்தனை தரம் என்று தெரியாது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

கேற் திறந்த சத்தம் கேட்டது. என்னைக் காணவில்லை என்று மனைவி பம்போடு வந்திருந்தாள். இரண்டு தரம் இழுத்த பிறகு நான் கேட்ட முதல் கேள்வி, "பின்னறையிலை ஆர்?" என்பதுதான்.

அவள் போய்ப் பார்த்தாள். அண்ணனின் சாய்மனைக் கதிரை மட்டும் இருந்தது.

"ஒருத்தரும் இல்லை. நீங்கள் ஊதுறது எனக்குக் கேற்றடியிலையே கேட்டது. உங்கடை அண்ணை ஊதுற மாதிரியே கிடந்தது" என்றாள்.

அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வெறும் வீடு சத்தத்தைத் திருப்பித் தரும் ஐயா. மூச்சு முட்டுறதிலை அரைவாசி நெஞ்சிலை, மற்ற அரைவாசி பயத்திலை. நீங்கள் பயத்தை ஊதி வெளியிலை விட்டிருக்கிறியள்."

நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் நான் உதட்டைக் குவிக்கும் முன்பே அந்தச் சத்தம் தொடங்கிவிட்டது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பம்ப் அண்ணன் வீட்டுச் சாமியறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். விளக்கு வைப்பதை வீடியோ அழைப்பில் காட்டியபோது அதைக் கண்டுவிட்டு, "சித்தப்பா, உது என்ன?" என்று அண்ணனின் மகள் கேட்டாள். "உதுவும் பூசைச் சாமான்தான் பிள்ளை" என்றேன்.

விளக்கு வைத்ததும் பின்னறை வாசலில் இருந்து பத்துத் தரம் ஊதுகிறேன். சில வெள்ளிகளில் உள்ளேயும் யாரோ ஊதுவது போல இருக்கும். நான் எழும்பி ஓடுவதில்லை. அது யாருடைய மூச்சு என்று எனக்குத் தெரியாது, ஆனால் இந்த வருத்தத்தோடு நான் தனியாக இல்லை என்ற நினைப்பு அந்த வெறும் வீட்டில்தான் எனக்கு வந்தது, இன்னும் போகவில்லை.