கிணற்றில் இருந்த எழுத்து

எத்தாளையில் என் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டை விட்டுக் களப்புக் கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அவள் வாசல் படலையில் நின்று கூப்பிடுவது கேட்டது. திரும்பவில்லை. திரும்பினால் ஏசியிருப்பேன். அவள் நல்லதென்று நினைத்துத்தான் செய்தாள். என் விரலில் கறுப்புப் பெயின்ட் இன்னும் பிசுபிசுத்தது.

ராத்தா இருக்கும் காணிக்கு வெளியூர்க்காரர் ஒருவர் உறுதிப் பத்திரத்தோடு வந்து வழக்குப் போட்டிருந்தார். எங்களிடம் உறுதி இல்லை. வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறோம் என்ற பேச்சு மட்டும் இருந்தது. தோற்றால் ராத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் போக இடமில்லை. நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஓரிடத்தில் தங்காதவன். அலைவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டபோது நான்தான் சும்மா இருந்தேன்.

புத்தளத்து லோயர் முதல் சந்திப்பிலேயே, அண்ணன் முறை வைத்து 'நானா' என்று அழைத்து, சொல்லிவிட்டார்.

"நானா, எனக்குக் கதை வேணாம். கதை எல்லாரிட்டயும் இரிக்கி. அந்தக் காலத்திலயே உண்டான சாமான் ஒண்டு கொண்டாங்க. இல்லாட்டி கண்ணால கண்ட ஆளக் கொண்டாங்க."

மதுரங்குளி, கனமூலை என்று தேடித் திரிந்தேன். யாரைக் கேட்டாலும், "ஓம், உங்கட வாப்பாட வாப்பாதான் அந்தக் காணியக் காடு வெட்டித் திருத்தினவரு" என்றார்கள். கண்டீர்களா என்று கேட்டால், மாமா சொன்னார் என்பார்கள். அந்த மாமா மௌத்தாகி வருஷக் கணக்காகியிருக்கும். கனமூலையில் ஒருவர் நெஞ்சில் தட்டி, "நான் சொல்றன், எழுதிக்கொள்ளுங்க" என்றார். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

"உங்கட வாப்பாதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் ராத்தாவின் காணியில் உள்ள கிணறு நினைவுக்கு வந்தது. கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கிணறு. தரைக்கு மேல் சுற்றிவர நின்ற மேல்கட்டின் உட்பக்கத்தில், சுண்ணாம்பு ஈரமாக இருந்தபோதே ஆணியால் கீறிய எழுத்து இருந்தது: அரபெழுத்தில் கட்டியவரின் பெயரும் ஹிஜ்ரி வருஷமும். சின்ன வயதில் தண்ணீர் அள்ளும்போது குனிந்து பார்த்திருக்கிறேன். போய்ச் சொன்னதும் லோயர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"அது போதும். சுண்ணாம்பப் பார்த்துக் காலம் சொல்ற ஆக்கள் இரிக்காங்க. நான் கூட்டிட்டு வாறன்."

உடனே ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். "கெணத்துல உள்ள எழுத்தப் பார்க்கப் பெரிய ஆக்கள் வாறாங்க" என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை.

சில நாள் கழித்து நான் போனபோது கிணறு வெள்ளையாக மின்னியது. மேல்கட்டு முழுக்கப் புதுச் சீமெந்து, அதன்மேல் வெள்ளை அடித்திருந்தது. வெளிப்பக்கத்தில், படலையில் நின்றாலே தெரியும்படி, கறுப்புப் பெயின்ட்டில் பெரிதாக அந்தப் பெயர். அதன் கீழே அதே வருஷம்.

"எப்படி இரிக்கி?" ராத்தாவின் முகம் பூரித்திருந்தது. "உள்ளுக்குப் பாசி புடிச்சி ஒண்டும் விளங்கல்ல. பெரிய ஆக்கள் கெணத்துக்குள்ள தலைய உட்டா பார்ப்பாங்க? பள்ளி லெப்பையக் கொண்டு பாசியச் சுரண்டி வாசிப்பிச்சி, ஒரு எழுத்துப் பிசகாம வடிவா எழுத வெச்சன்."

"பழைய கட்டு எங்க, ராத்தா?"

"அந்தக் குப்பையா? மேசன் பாஸ் உடைச்சி டிரக்டர்ல ஏத்திட்டாரு. இறால் பண்ணைக் கரைக்குப் போடக் கேட்டாங்களாம். நீ என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தேத்தண்ணி ஊத்தட்டா?"

"உடைக்க முன்ன போட்டோ எடுத்தீங்களா?"

"பழச என்னத்துக்கு எடுக்கிற? புதுசு எடுத்திரிக்கி. பெரிய மகன்ட போன்ல பாரு."

ஓர் எழுத்தை விரலால் தொட்டேன். பெயின்ட் கையோடு வந்தது. அவள் கூப்பிடக் கூப்பிட வெளியே வந்துவிட்டேன்.

நடந்துகொண்டே லோயருக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"நானா, புதுச் சீமெந்துல பழைய வருஷம் எழுதினா, நாங்க கள்ளமாச் செஞ்சதெண்டுதான் சொல்லுவாங்க. இத விட ஒண்டுமே இல்லாட்டியும் பரவாயில்ல."

"அந்தக் கல்லத் தேடிக் கொண்டுவந்தா?"

"கெணத்துல இருந்தாத்தான் அது சாட்சி. பேக்ல போட்டுக் கொண்டுவந்தா எங்கயோ கிடந்த கல்லு. சரி, கிடைச்சாப் பார்ப்பம்."

கடைசி வார்த்தையை அவர் எனக்காக இரங்கித்தான் சொன்னார். குரலிலேயே தெரிந்தது. இருந்தும் போனேன்.

பண்ணையின் கரை நெடுகக் கல் கொட்டியிருந்தார்கள். எங்கள் கிணறு மட்டுமல்ல, எத்தனையோ வீடுகளின் சுவரும் படியும் அதில் கிடந்தன. வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் புரட்டினேன். சிலதில் கீறல்கள் இருந்தன. ஆணி கீறியதா, உடைக்கும்போது அலவாங்கின் கம்பி முனை பட்டதா என்று சொல்ல முடியவில்லை. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோதும் புரட்டிக்கொண்டிருந்தேன். பண்ணை மேற்பார்வைக்காரர் வந்து நின்றார்.

"என்ன நானா, தங்கமா புதைச்சி வெச்சீங்க?"

"எழுத்துள்ள கல்லு ஒண்டு."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "கரையக் கிண்ட உட ஏலா. தண்ணி உடைச்சிட்டுப் போயிரும். நாளைக்கு இதுக்கு மேல மண் போடுறம். வேலைக்கு ஆள் காணாது. வாறதெண்டா வாங்க."

ராத்தாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால் பண்ணை வாடிக் குடிசையிலேயே படுத்தேன். விடிகாலைச் சுபஹுக்குப் பிறகு ஒரு கூடை தந்தார்கள். கல்லின்மேல் களிமண் கொட்டி, மிதித்து இறுக்கும் வேலை. முதல் கூடையோடு குனிந்து ஒருமுறை பார்த்தேன். பின்னால் நின்றவன், "கொட்டுங்க நானா, டிரக்டர் நிக்கிது" என்றான்.

கொட்டினேன்.