ஏழு ரோட்டுப் பூச்சி மிஷின்

வீடியோ கேம் கடையில் வேலை பார்ப்பவர் இரண்டு விஷயம் பழக வேண்டும்: தோற்றவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, ஜெயித்தவர் பேச்சுக்குத் தலையாட்டாமல் இருக்கக் கூடாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்த உங்களுக்கெல்லாம் இந்த அவஸ்தை புரியும்.

எண்பதுகளில் கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கம், ஒரு பேக்கரிக்கு அடுத்த அறையில், நாலு வருஷம் எனக்கு அந்த வேலை. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு செண்பகனூரில் வீட்டில் சும்மா இருந்த என்னை, டோக்கன் கொடுக்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லிக் கூட்டிப்போனவர் முதலாளி இருதயராஜ் அண்ணன். கடையில் ஒரே மிஷின். திரையின் மேலேயிருந்து பூச்சிகள் வரிசை வரிசையாக இறங்கும். அவை தரையைத் தொடுவதற்குள் கீழே இருக்கும் பீரங்கியை நகர்த்தி நகர்த்திச் சுட வேண்டும். ஆட்டத்துக்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருந்தது. ஊருக்கு அது பூச்சி மிஷின்தான்.

கம்பளி

டிசம்பர், ஜனவரியில் மிஷினுக்கும் குளிரும். காலையில் திரையின் சுவிட்சைப் போட்டால் அது வெளுக்கவே கால் மணி நேரம் ஆகும். அப்புறமும் பூச்சிகள் நடுங்கிக்கொண்டுதான் வரும். அதனால் கடை சாத்தும்போது அதற்கு ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் போக வேண்டும் என்று அண்ணன் உத்தரவு. நான் ஒரு ஸ்வெட்டர் கேட்டு மூன்று மாதமாகியிருந்தது. அது வேறு விஷயம்.

ஒருநாள் காலையில் மன்னவனூர் ஆட்டுப்பண்ணையில் வேலை பார்க்கிற ஒருவர், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று உள்ளே வந்தார். நான் கம்பளியை உருவி மடித்துக்கொண்டிருந்தேன். மிஷினைப் பார்த்தார். பல் தந்தியடித்துக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்: "நாங்க அங்க முடிய வெட்டிட்டு ஆட்டைக் குளிர்ல விடுறோம். நீங்க இங்க மிஷினுக்குப் போத்திட்டு ஆளைக் குளிர்ல விடுறீங்க."

புது மாப்பிள்ளை

கரூரிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி, எந்தப் பூச்சியை முதலில் அடிப்பது, எப்போது ஒதுங்குவது என்றெல்லாம் நீளமாகப் பாடம் நடத்திவிட்டு, ஒன்றரை நிமிஷத்தில் தோற்றார். சும்மா தொட்டுப் பார் என்று அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் பதினோரு நிமிஷம் ஆடினாள். மிஷினில் ஏதோ கோளாறு என்று என்னிடம் புகார் சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று வெளியே போனார்.

மறுநாள் திரும்ப வந்தார்கள். இந்தத் தடவை அவள் ஒரு நிமிஷத்தில் தோற்றாள். நேராக வந்த பூச்சியைக்கூட விட்டுவிட்டு வேண்டுமென்றே காலியாக இருந்த ஓரத்தில் சுட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாப்பிள்ளை சந்தோஷமாக பன் வாங்க பேக்கரிப் பக்கம் போனதும் அவளிடம் ஏன் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னாள்: "ஊருக்குப் போற வரைக்கும் அவரு ஜெயிச்சுக்கட்டும்க்கா. அதுக்கப்புறம் ஆயுசு பூரா நான்தானே."

முதலாளியின் முதலிடம்

அதிக பாயிண்ட் எடுத்த பத்துப் பேரின் பெயர்கள் திரையில் வரிசையாக நிற்கும். அதில் ஒரு தடவைகூட அண்ணன் பெயர் வந்ததில்லை. திண்டுக்கல்லிலிருந்து மச்சினன் கடையைப் பார்க்க வருகிறார் என்றதும் அண்ணனுக்குக் கவலை வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ராத்திரியில் திரையை மட்டும்தான் அணைப்போம்; மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் மிஷின் எல்லாப் பெயரையும் மறந்துவிடும்.

அணைத்தேன். போட்டேன். காலியான பட்டியலில் அண்ணன் ஒரே ஆட்டத்தில் முதலிடம் பிடித்தார். அதற்குக் கீழே ஒன்பது வரியிலும் வெறும் சைபர். மச்சினன் மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "மச்சான், இந்த ஊர்ல யாருமே ஆட வர்றதில்லையா?"

ரோசம்மாக்கா வைத்த பெயர்

வில்பட்டியிலிருந்து தினமும் வந்து ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புத் துவைப்பவர் ரோசம்மாக்கா. சாயங்கால பஸ் எங்கள் கடைக்கு எதிரில்தான் ஆள் ஏற்றும். பஸ் வரும்வரை ஓர் ஆட்டம். பட்டாணி பறித்துப் பழகிய விரல், அது போகிற வேகத்தில் பூச்சிகளுக்கு இறங்கவே நேரம் இருக்காது.

முதல் தடவை முதலிடம் வந்தபோது மிஷின் மூன்று எழுத்தில் பெயர் கேட்டது. அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. நான்தான் பதிய வேண்டும். தன் பெயர் வேண்டாம், மாமியார் மதலேன் பெயரைப் போடச் சொன்னார். அவ்வளவு பாசமா என்றேன். "இம்புட்டு உசுரைச் சுட்டிருக்கேன், புள்ள. நாளைக்கு மோட்ச வாசல்ல கேள்வி வந்தா, பேரு அவுக பேரா இருக்கட்டும்."

பஸ் நின்ற சாயங்காலம்

ஒரு சீசனுக்கு அண்ணன் போட்டி வைத்தார். மே கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரையில் முதலில் இருக்கும் பெயருக்கு ஒரு டிரான்சிஸ்டர். ரோசம்மாக்கா வீட்டில் இருந்த ஒரே ரேடியோ மாமியார் தலைமாட்டில் இருந்தது. தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஒரு மாதமாக ஆடினார். பம்பாயிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரி மாணவன் இரண்டாமிடம்.

கடைசி நாள் மழை. நாலு மணிக்குக் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது பட்டியல் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. மாணவன் உடனே ஆடி முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டான். அக்கா வேலை முடிந்து வந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம். நானே சாட்சி என்று அண்ணனிடம் கெஞ்சினேன். அவர் சங்கடத்தோடு, சொன்ன விதி விதிதான் என்றார். அக்கா வாக்குவாதம் பண்ணவில்லை. ஒரு டோக்கன் கேட்டார்.

எதிரே பஸ் வந்து ஹாரன் அடித்தது. அக்காவைத் தேடி கண்டக்டர் வந்தார், வந்தவர் நின்றுவிட்டார். பின்னாலேயே பயணிகள். கொஞ்ச நேரத்தில் ஹாரன் சத்தமும் நின்றது, டிரைவரும் உள்ளே வந்துவிட்டார். ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அக்கா மாணவனைத் தாண்டினார். ஆனால் ஆட்டம் முடிந்தால்தான் பெயர் ஏறும். பஸ் கூட்டம் பூராவும் சுடு, சுடு என்று கத்த, அக்கா கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். பூச்சிகள் இறங்கி வந்து பீரங்கியை விழுங்கின. நான் மூன்று எழுத்தைப் பதித்து முடிக்க, அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டிரான்சிஸ்டரை எடுத்துக் கொடுத்தார். முதலில் கை தட்டியது அந்த பம்பாய்ப் பையன்தான்.

அப்போதுதான் கண்டக்டருக்கு நினைவு வந்தது. இவ்வளவு லேட்டானதுக்கு டெப்போவில் என்ன காரணம் எழுதுவது என்று தலையைச் சொறிந்தார். படியேறிக்கொண்டே ரோசம்மாக்கா சொன்னார்: "பூச்சித் தொந்தரவுன்னு எழுதுங்க."

இத்தனை பேர் ஆடியதை நாலு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தும் இரண்டாவது வரிசைப் பூச்சியைக்கூட நான் தாண்டாததால்தான், கடைசி வரை நான் ஓசி டோக்கனில் ஆடுகிறேன் என்று யாரும் சந்தேகப்படவில்லை.