அச்சிடாமல் விட்ட ஒரு வரி

என் மனைவிக்கு ஒரு நாளைக்கு அனுமதி எண்ணூறு மில்லி. தண்ணீர், காப்பி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் வாய்த்தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போய், நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறோம். குடித்தது வெளியே போக அவள் உடம்பில் வேறு வழி கிடையாது. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் அது சதையல்ல, தண்ணீர். நுரையீரலில் போய் நின்று மூச்சை அடைக்கும்.

இதைக் கேட்டு வந்த அன்றே மகன் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கினேன். நான் அடிக்கடி திருத்தி எழுதுகிறவன். இப்போது சொல்லப்போகும் வடிவம் இந்த ஆண்டு மழை தொடங்கியபோது எழுதியது. மொத்தம் நாற்பத்தேழு வரி. அவள் வாயில் வைக்கும் ஒவ்வொன்றையும் நான் உள்ளே கொடுப்பேன். அது கூட்டி, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும்.

எனக்கு இது புதிதல்ல. கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தின் அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் இருந்தேன். பால் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் பாலை அளந்து, தண்ணீர் போக அதில் எவ்வளவு ரப்பர் என்று கணக்கிடுவது என் வேலை. அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். நான் புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். புரோகிராமில் ஒவ்வொரு எண்ணையும் பெயர் எழுதிய ஒரு பாத்திரத்தில் வைப்பதுபோல வைக்கிறோம். அதை மாறி என்பார்கள். விடை தப்பாக வந்தால் எந்த இடத்தில் எந்த மாறி கெட்டுப்போனது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால் சந்தேகமான வரிகளுக்குக் கீழே, ‘இப்போது உன்னிடம் என்ன இருக்கிறது, அச்சிடு’ என்று ஒரு வரி சேர்ப்பேன். காகிதம் முழங்கால்வரை வந்து விழும். தப்பு அதில் எங்காவது இருக்கும். மகன் மஸ்கட்டிலிருந்து பேசும்போது சிரிப்பான். “அதுக்கெல்லாம் இப்பம் தனிக் கருவி இருக்குப்பா. நீங்க இன்னும் பிரிண்ட் போட்டுக்கிட்டா இருக்கீங்க?” இருக்கட்டும். எனக்கு இது ஒன்றுதான் தெரியும்.

தோட்டத்தில் பாலின் எடை கூடி ரப்பர் குறைந்தால் முதலில் என் புரோகிராமை அச்சிட்டுப் பார்ப்பேன். அது சரியாக இருந்தால், யாரோ ஓடைக்கரையில் வைத்துப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று அர்த்தம். ஆளைக் கூப்பிடுவேன். முதலில் கணக்கு, அடுத்தது ஆள். இருபத்தொன்பது வருடம் இந்த வரிசையில் போய்ப் பழகிவிட்டது.

புதிய புரோகிராம் வந்த இரண்டாவது வாரத்திலிருந்து அவள் எடை அளவுக்கு மேல் ஏறத் தொடங்கியது. இரண்டு கிலோ எழுநூறு, மூன்று இருநூறு, மூன்று எண்ணூறு. டயாலிசிஸ் பிரிவில் இருந்த நர்ஸ் மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வாள்.

“அம்மா வெள்ளம் நெறய குடிக்குது போல சாரே. பாத்துக்கிடணும்.”

“எண்ணூறுக்கு மேல போகல்ல. எனக்கிட்ட கணக்கு இருக்கு” என்றேன்.

“உங்க கணக்கு சொல்லுகது வேற, தராசு சொல்லுகது வேற.”

பிறகு மனைவியைப் பார்த்து, “ஆகாரம்?” என்று கேட்டாள்.

“ஆகாரம் கொஞ்சந்தான்” என்றேன். மனைவியைக் கேட்ட கேள்விகளுக்கும் எப்போதும் நானே பதில் சொல்வேன். அன்றும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து புரோகிராமில் அச்சிடும் வரிகளைச் சேர்த்தேன். தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் ஒன்று, காப்பிக்கு ஒன்று, மோருக்கு, ரசத்துக்கு, மாத்திரைக்கு, கூட்டும் இடத்தில் இரண்டு. ஏழு வரி. அதுவரை உள்ள எல்லா நாள் கணக்கையும் ஓடவிட்டேன். காகிதத்துக்குப் பதில் திரையில் எண்கள் வந்தன. கைக்கணக்காகவும் கூட்டிப் பார்த்தேன். ஒரு மில்லி பிசகவில்லை. கணக்கு சரி. அப்படியானால் ஆள்.

அவள் அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, எனக்குத் தெரியாம குடிச்சியா?”

“எத?”

“தண்ணிய.”

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “குடிக்கதுக்கு எங்க வச்சிருக்கீங்க? இனி கிணத்துக்கும் ஒரு பூட்டு வாங்குங்க.”

“தராசு பொய் சொல்லாது.”

“நான் சொல்லுவேன், என்ன?”

நாற்பத்தாறு வருடம் என்னோடு இருந்தவள். ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில்களில் பேனாவால் கோடு போட்டேன். குடத்து மூடியின் மேல் ஒரு டம்ளரைக் குறிப்பிட்ட கோணத்தில் கவிழ்த்து வைத்தேன். அவள் குளிக்கப் போனால் குளிமுறி வாசலில் நின்று கப்பால் தண்ணீர் கோரும் சத்தத்தை எண்ணினேன். பதினான்கு கப் வழக்கம். ஒருநாள் பதினான்குக்குப் பிறகு சத்தம் இல்லாமல் கொஞ்ச நேரம் போனது. கதவைத் தட்டினேன்.

“என்னத்துக்குத் தட்டுகீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“துண்டால தலை தொவத்துகேன். தொவத்தவும் கணக்கு உண்டா?”

அதற்குப் பிறகு அவள் தானாகவே குறைத்தாள். எண்ணூறு அனுமதித்த இடத்தில் நானூற்றைம்பது. நாக்கு வறண்டு, உதட்டோரம் வெடித்து ரத்தம் கண்டது. பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை எடையின் ஏற்றம் இரண்டு கிலோ எழுநூறாக இறங்கியது. இதை எழுதக் கை கூசுகிறது. அவள் உண்மையாகவே குறைத்ததால்தான் இறங்கியது என்று எனக்குத் தோன்றவில்லை. நானூற்றைம்பதுக்கு இரண்டே எழுநூறு மிக அதிகம். ஆகவே என் காவலால் திருட்டில் பாதி நின்றிருக்கிறது, மீதி இன்னும் நடக்கிறது என்று முடிவு செய்தேன். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

அவள் அன்று முதல் எண்ணூறுக்குத் திரும்பினாள். “கொறச்சாலும் கொறைக்காட்டாலும் உங்களுக்கு ஒண்ணுதான். பொறவு நான் எதுக்குக் காயணும்?” என்றாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை முற்பகல் துணி மடிக்கும்போது அவளுக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றி, வாயைத் திறந்து இழுத்தாள். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு மூச்சு. அப்போதும் எண்ணினேன். கார் பிடித்து நாகர்கோவில் போய்ச் சேர்ந்தபோது விரல் நுனி நீலமாக இருந்தது. எடை நான்கு கிலோ நூறு ஏறியிருந்தது. அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மடிக்கணினி பையில் இருந்தது. டயாலிசிஸ் எண்களைக் குறிக்க எப்போதும் கொண்டுபோவேன். நான்கு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் அதைத் திறந்தேன். வேறு எதுவும் தோன்றாததால், இந்தத் தடவை நாற்பத்தேழு வரியில் ஒவ்வொன்றுக்கும் கீழே அச்சிடும் வரி சேர்த்தேன். அதுவரை அவள் குடிப்பதைச் சொல்லும் எண்களை மட்டும்தான் அச்சிட்டிருந்தேன். நானே முடிவு செய்து எழுதிய வரிகளை அச்சிடவில்லை. அவற்றின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஓடவிட்டேன். சாப்பாடு என்று வரும் எல்லாவற்றுக்கும் நீர் பூஜ்யம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரி அச்சிட்டது திரையில் இறங்கியது.

கஞ்சி, பூஜ்யம். இட்லி, பூஜ்யம். கஞ்சி, பூஜ்யம். கஞ்சி, பூஜ்யம்.

சோறு குமட்டுகிறது என்று அவள் சொன்னதால், புரோகிராமைத் திருத்திய அதே வாரம் நான்தான் கஞ்சிக்கு மாற்றினேன். எங்கள் வீடுகளில் காய்ச்சலோ பேறுகாலமோ எதுவானாலும் படுத்தவர்களுக்குக் கஞ்சிதான். அது ஆகாரம், அதைத் தண்ணீரோடு சேர்த்து யாரும் பார்ப்பதில்லை. உப்பில்லாமல், நன்றாக நீர்க்க, காலையும் மாலையும் நானே வைத்தேன். நானே ஆற்றி, நானே கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுத்தேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் முந்நூறு மில்லி இருக்கும். முப்பத்தெட்டு நாள், எழுபத்தாறு வேளை. இரண்டு மாலை அவள் வேண்டாமென்றாள். மிச்சம் எழுபத்துநான்கு. இருபத்திரண்டு லிட்டர் இருநூறு மில்லி.

நர்ஸ் வெளியே வந்தபோது சொன்னேன். “கஞ்சி வெள்ளந்தானே சாரே” என்றாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

மறுநாள் டாக்டர் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார். வீங்கியிருக்கிறது, பம்ப் செய்யும் சக்தி முன்பு இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது, இனி கூடுவது கஷ்டம் என்றார். நோய் எவ்வளவு, நான் ஊற்றியது எவ்வளவு என்று கேட்டேன். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். மறுபடியும் கேட்டேன். அவர் அடுத்த நோயாளியின் ஃபைலை எடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளிடம் சொன்னேன். கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தாள்.

“தப்பு எனக்க பக்கந்தான். நீ குடிக்கல்ல. கஞ்சிய நான் கணக்குல சேக்கல்ல.”

“எவ்வளவு?”

“இருவத்திரண்டு லிட்டர் இருநூறு.”

“அதையும் கூட்டியாச்சா.”

சரிந்த தலையணையை முதுகுக்குப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். “அப்பம் இனி கஞ்சியும் கெடையாது, இல்லியா?”

“கெட்டியா வச்சுத் தாறேன்.”

“வேண்டாம்” என்றாள். அவளுக்கு வயிற்றில் தங்கியது அது ஒன்றுதான்.

புரோகிராமில் அந்த வரியைத் திருத்தினேன். எடையின் ஏற்றம் இப்போது இரண்டு கிலோவுக்குள் நிற்கிறது. பாட்டில் கோடுகளை அழித்துவிட்டேன். ஆனால் அவள் நான் இல்லாமல் குடிப்பதில்லை. தாகம் வந்தால் டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு, அறைக்கு அறை சுவரைப் பிடித்து, நடுவில் நின்று மூச்சு வாங்கி, நான் இருக்கும் இடத்துக்கு வருகிறாள். பதினேழு அடி நடப்பதற்கு இரண்டு தடவை நிற்கிறாள்.

“எனக்கிட்டக் காட்டாண்டாம்ட்டி. நீ குடி.”

“பாத்துக்கிடுங்க” என்கிறாள். கேலி இல்லை, கோபமும் இல்லை; கோபம் இருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

டம்ளரை என் முகத்துக்கு நேரே பிடித்தபடி நிற்கிறாள். நான் பார்த்து, தலையை ஆட்டிய பிறகுதான் வாயில் வைக்கிறாள்.